வெள்ளை ஓரம்

– ஒரு பூவுலகூட வெள்ளை ஓரம் இல்ல மாப்பிள்ளை. மூணு வரிசை குனிஞ்சு குனிஞ்சு பார்த்துட்டேன். இடுப்பு போனதுதான் மிச்சம்.

– ஷெட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாது மச்சான். அதான் தெரியல.

– வெள்ளை ஓரம் தெரியறதுக்கு வெளிச்சம் வேணுமா? நல்லா இருக்கு. மொத்தமும் மொட்டைச் சிவப்பு. ஒரே உயரம், ஒரே மூஞ்சி, எல்லாம் ஒரே பக்கம் தலையைச் சாய்ச்சுக்கிட்டு.

– ஒரே மாதிரி இருக்கணும்னுதானே பாட்டில்ல செடி வளர்க்கற லேப் வெச்சிருக்கோம். யதார்த்தமா பேசுவோம்.

– பேசுவோம். சிட்டு செடியில எதுலேர்ந்து துண்டு எடுத்து பாட்டில்ல போட்டீங்க?

– இலையிலேர்ந்து.

– இலையிலேர்ந்தா?

– ஒத்தச் செடியில நுனி மொட்டு எத்தனை கிடைக்கும் மச்சான்? இலையை நறுக்கிப் போட்டா பாட்டில் பாட்டிலா முளைக்குது.

– சிட்டு தலைபாடா அடிச்சுக்கிட்டாளே. கொழுந்து விடற நுனி மொட்டை வெட்டி வெச்சாத்தான் அந்த ஓரம் வரும், இலையைத் தொட்டா போயிடும்னு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல என் தங்கச்சி பேசினது பாதி அந்தப் பேச்சுதான். நீங்க பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்தீங்க.

– மாத்திரை மயக்கத்துல பேசறான்னு நினைச்சேன்.

– குப்பையில எறிஞ்ச நாத்துலேர்ந்து உங்க பொண்டாட்டி பொறுக்கி, பாத்திரம் கழுவற ஜன்னல்ல வெச்சு வளர்த்த செடி அது. மயக்கத்துலயும் அதை உங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். சரி விடுங்க. தாய்ச்செடி இருக்குல்ல? மறுபடி மொட்டுலேர்ந்து எடுங்க.

– இல்ல.

– இல்லன்னா?

– ஆட்டோகிளேவ்ல போட்டுட்டேன்.

– பாட்டில் வேகவைக்கிற அதுலயா?

– வெளிய இருந்தா எவனாவது ஒரு துண்டு கிள்ளிட்டுப் போயிடுவான் மச்சான். நம்ம சரக்கு நம்மகிட்ட மட்டும்தான் இருக்கணும்.

– எப்போ?

– அப்பவே.

– எப்பவே?

– அடக்கம் முடிஞ்ச வாரம்.

– நல்லா இருக்கு. அவளைப் புதைச்சுட்டு வந்து அவ செடியை அவிச்சிருக்கீங்க. கை கழுவினீங்களா நடுவுல?

– திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். நாளைக்குத் தொட்டி எடுக்க ஹோட்டல்காரன் வர்றான். தாய்ச்செடி போட்டோவுல வெள்ளை ஓரம் பார்த்துத்தான் அவன் சரின்னான். ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன்.

– சொல்லுங்க.

– பாட்டில் கழுவற பொண்ணுங்க ஆறு பேரை உக்கார வெச்சா, ராத்திரிக்குள்ள பிரஷ்ல ஓரம் தீட்டிடலாம். தண்ணி படாம பார்த்துக்கிட்டா வாரம் தாங்கும்.

– பூவுக்கு சுண்ணாம்பா?

– சுண்ணாம்பு இல்ல, நல்ல பெயின்ட்டு.

– தொட்டி ஒவ்வொண்ணுலயும் ‘சிட்டு’ன்னு லேபிள் தொங்குது. அவ போட்டோவோட. அதுக்கு மேல சாயம் பூசி விக்கப் போறீங்க. மாப்பிள்ளை, செடி அழுகின பாட்டில் எத்தனையோ கழுவியிருக்கேன் நான். வாயில துணி கட்டிக்கிட்டுக் கழுவுவேன். அதுகூட இவ்வளவு அழுக்கில்ல.

– செத்தவ பேரை ஊர் பூரா பரப்பறேன். அதுக்கு இந்தப் பேச்சா?

– லேபிள்ல பேரு ஏறிடுச்சு. கல்லறைக் கல்லுல எப்போ ஏறும்? நாளைக்கு நாளைக்குன்னு வருஷம் ஓடிடுச்சு. அவ தலைமாட்டுல இன்னும் வெறும் மண்ணு.

– போடணும். வேலை விடல.

– வெறும் மண்ணுன்னா முழுக்க வெறும் மண்ணும் இல்ல. அடக்கத்தன்னிக்கு ஜன்னல்லேர்ந்து ஒரு கிளை ஒடிச்சுட்டுப் போய் நட்டேன். போறப்பல்லாம் தண்ணி ஊத்தறேன்.

– என்ன கிளை?

– அவ கிளைதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தா உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். போன ஞாயித்துக்கிழமை பூத்திருந்துச்சு. நல்ல சிவப்பு. சுத்தி மெல்லிசா வெள்ளை. அங்கயே பக்கத்துல உக்காந்துட்டேன்.

– மச்சான்.

– சொல்லுங்க.

– நுனியில மொட்டு இருந்துச்சா?

– என்னது?

– பூவைக் கேக்கல. நுனி மொட்டு. எத்தனை இருக்கும்?

– மாப்பிள்ளை, அது அவ தலைமாட்டுல நிக்குது.

– பிளேடும் ஸ்பிரிட்டும் நான் எடுத்துக்கறேன். நீங்க வண்டியை எடுங்க. கல்லறையில அவ எந்த வரிசைன்னு எனக்கு ஞாபகமில்ல, நீங்கதான் காட்டணும்.