வாய்க்கரிசிச் சாட்சி

இங்கே காப்பி நன்றாக இருக்கிறது என்று அந்த அதிகாரியிடம் சொல்லுங்கள், சாருஜா. எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லைதான். மாண்ட்ரியல் கல்லூரி ஒன்றில் முப்பது வருஷம் இங்கிலாந்து வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆனால் செத்த மகனைப் பற்றி இங்கிலீஷில் பேச வாய் வரவில்லை. நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் அவருக்குப் பிரெஞ்சில் சொல்லுங்கள்.

என் மகன் அக்ஷய் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கப் போனான். அங்கே அவனை இழுத்துப் போனவன் நிதுசன், யாழ்ப்பாணத்துப் பையன். பிப்ரவரியில் ஒரு மாலை அக்ஷய் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாக்குவாதம் முற்றிக் கோபித்துக்கொண்டு கிளம்பினான். வாசற்படியெல்லாம் ஐஸ். அஹுன்ட்சிக்கில் நிதுசன் வீட்டு சோபாவில் போய்ப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. தலைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். பனியில் வழுக்கி விழுந்ததாக அக்ஷய் சொன்னான் என்று நிதுசன் சொல்ல, உங்கள் போலீசும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. எனக்கு மனசு ஆறவில்லை. என் பிள்ளை யாரால் செத்தான் என்று தெரிந்தாக வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் இங்கிலாந்துக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொலைகாரன் தொட்டால் பிணம் இரத்தம் விடும் என்று அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். இரண்டாம் ஹென்றி ராஜா செத்துக் கிடந்தபோது, அவரோடு சண்டை போட்ட மகன் ரிச்சர்ட் பக்கத்தில் வந்ததும் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகியதாக அக்காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். நானூறு வருஷம் முன்னால் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில், புதைத்து ஒரு மாதமான பெண்ணைத் தோண்டியெடுத்து, சந்தேகத்துக்கு ஆளான புருஷனையும் சொந்தக்காரர்களையும் தொடச் சொன்னார்கள். பிணத்தின் நெற்றி வியர்த்தது, கண் திறந்தது, விரலில் இரத்தம் சொட்டியது என்று ஒரு பாதிரியார் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். புருஷனைத் தூக்கில் போட்டார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுக்காதவன் சிரிக்கலாம்.

ஃபியூனரல் ஹோமில், நம் வழக்கப்படி வந்தவர்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். நிதுசன் கடைசியில் நின்றான்.

"அங்கிள், நானும் போடலாமோ?"

"போடுப்பா," என்றேன்.

அவன் ஒரு கையால் அக்ஷயின் தாடையைத் தாங்கிக்கொண்டு அரிசியை வைத்தான். மூக்கிலிருந்து இரத்தம் வந்து உதட்டிலிருந்த அரிசியை நனைத்தது. என் மனைவி அனுசூயா அலறினாள். எனக்கு, சொல்லக்கூடாதுதான், நிம்மதியாக இருந்தது.

காரியங்கள் முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். பிறகு அக்ஷயின் சாமான்களை எடுத்துக்கொண்டு போ என்று நிதுசனை வரவழைத்தேன். கராஜில் குனிந்து அவன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஐஸ் உடைக்கும் கடப்பாரையால் முதலில் முழங்காலில் அடித்தேன். ஓட விடக்கூடாது அல்லவா. அக்ஷயை ஏன் கொன்றாய் என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை அங்கிள். நீங்கள் படியில தள்ளிவிட்டனீங்கள் எண்டு அவன்தான் சொன்னவன். அப்பாவைக் காட்டிக் குடுக்காதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

வலியில் மனிதர்கள் எதையும் சொல்வார்கள். அதற்கும் இங்கிலாந்து வரலாற்றில் உதாரணம் நிறைய இருக்கிறது. வாயில் அடித்தேன். பற்கள் சிமெண்டுத் தரையில் சிதறின. கையை உயர்த்தினான், அதையும் உடைத்தேன். பிறகு தலையில், எலும்பு தட்டுப்படாமல் மெத்தென்று ஆகும்வரை. அனுசூயா கதவைத் திறந்தபோது நான் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள்தான் உங்களைக் கூப்பிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அக்ஷயைத் தள்ளியது உண்மைதான். கோபத்தில் கை வைத்தேன். எந்த அப்பா கை வைக்கவில்லை? அவன் எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டுதான் காரில் ஏறினான்.

ஃபியூனரல் ஹோமில் உடலைத் தயார் செய்த யோசெப்பையும் விசாரித்தீர்களாமே. அவர் சொன்னது சரி. பிரேதப் பரிசோதனை செய்த உடல், தலையை அசைத்தால் மூக்கில் கசியும் என்று முன்கூட்டியே எச்சரித்துப் பஞ்சும் தந்தார். முதல் வாய்க்கரிசி போட்டவன் நான். அப்போதும் வந்தது, நிதுசன் தொட்டபோது வந்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. அனுசூயா பார்ப்பதற்குள் துடைத்துவிட்டேன். ஆனால் அது வேறு, சாருஜா, அதை அவருக்குச் சரியாக விளக்கிச் சொல்லுங்கள். பெற்றவன் தொட்டால் பிள்ளையின் உடல் இரத்தம் விடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அது பாசம்.