அண்ணையின் சீமேந்து முற்றம்

புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் நரைத்த கொண்டைக்காரி ஒருவரும் குடையோடு ஓர் இளம் பெண்ணும். காதைப் பொத்திக்கொள்ளும் நல்ல பழக்கம் எனக்கில்லை. கடற்பாலத்தில் ஏறியதும் கொண்டைக்காரி சத்தமாகவே சொன்னார்:

“கனடா அண்ணையின்ர வீட்டு முத்தத்தை அலவாங்கால உடைச்சுப்போட்டன்.”

“ஐயோ அக்கா! போன வருசம்தானே சீமேந்து போட்டவர்?”

“ஓம். வரேக்க செருப்பில சேறு படக்கூடாதாம். ஆள் வாறதே எப்பவாவது ஒருக்கா. மாரி வெள்ளம் முழுக்க அதில வழுக்கிக்கொண்டு என்ர குசினிக்குள்ள வந்தது. பங்குனியில கிணறு உப்பு.”

“ரெண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறெல்லோ?”

“அதுதானே! மழைத்தண்ணி நிலத்துக்குள்ள இறங்கினாத்தானே நல்ல தண்ணி நிக்கும்? உடைச்ச இடத்தில குழி வெட்டி, வரம்பு கட்டி, வாழையும் வைச்சிட்டன்.”

“முத்தத்தில கமரா பூட்டியிருக்கிறாரே, பாக்கேல்லையோ?”

“பாத்தவர். உடனே போனில கோல் எடுத்து, ‘என்ர வீட்டை இடிக்கிறியோ?’ எண்டு கத்தினார். நான் ஏணி வைச்சு ஏறி, கமராவைக் கழட்டிக் கிணத்துக் கப்பியில கட்டிவிட்டன். நல்லாத் தண்ணியைப் பாக்கட்டும்.”

இளம் பெண் பஸ் சரவணை ஊரைத் தொடும்வரை சிரித்தாள். பிறகு கேட்டாள்:

“இப்பவும் கோபமோ?”

“கோபமோ? முதல் மழைக்கு விடியக்காலமை கோல். ‘தங்கச்சி, எழும்பு, தண்ணி ஏறுது!’ எண்டு குதிக்கிறார். இப்ப நான் உடுப்புத் தோய்க்க எத்தினை வாளி அள்ளுறன் எண்டு அங்கயிருந்து எண்ணுறார்.”