தொடரில் விட்டுப்போனவள்

நான் டிவி பார்க்கிறவள் இல்லை, மேடம். மற்றவர்கள் சீரியலுக்கு உட்காரும் நேரத்தில் என் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டுக்குச் சமைக்கிறவளுக்கு உட்கார ஏது நேரம்? ‘முகத்துவாரம்’ என்ற அந்த ஒரு தொடரை மட்டும்தான் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். மொத்தம் நான்கு பகுதி. மூன்று முறை பார்த்தேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல மட்டும் விடுங்கள்.

என் பெயர் கெங்கம்மா. வயது நாற்பத்தாறு. காத்திவாக்கம் குப்பம். கல்யாணம் ஆகவில்லை. மனோகரன் எனக்கு அத்தை மகன். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே அவருக்கு நான் என்று அத்தையும் என் அம்மாவும் பேசிவைத்திருந்தார்கள். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

வினிதா என் தோஸ்து. ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்து இடம். மாசி மகத்தன்று சாமி கடலுக்கு வந்தபோது அவளை மாமாவுக்குக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். “இவதான் மாமா வினிதா, நான் சொல்வேனே” என்றேன். அவர் அவளைப் பார்த்தார். பிறகு சாமியைப் பார்க்கவே இல்லை. ஆறு மாதத்தில் கல்யாணம். நலங்குக்கு மஞ்சள் அரைத்தவள் நான். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அத்தைதான் என்னைப் பார்த்து அழுதாள். “அழாத அத்தே, எங்க போய்ட்டாரு, பக்கத்து தெருலதான கீறாரு” என்று நான்தான் தேற்றினேன்.

கல்யாணம் ஆன புதிதில் அவளுக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கித் தந்தார். மீன் வடிவம். கண் இருக்கும் இடத்தில் சிவப்புக் கல். திருவொற்றியூரில் போய்ச் சொல்லிச் செய்தது. அவள் கழற்றி என் கையில் வைத்து, “போட்டுப் பாரேன்டீ” என்றாள். என் காது ஓட்டை சின்னது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் அவள் கழிமுகத்தில் செத்துக் கிடந்தாள். காலை பத்து மணிக்கு, இறால் பிடிக்கப் போன பெண்கள் அலையாத்திச் செடிகளுக்குள் பார்த்தார்கள். கழுத்தில் விரல் தடம் இருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது, அந்தக் காதில் கம்மல் இல்லை. அதனால்தான் கொலை என்றார்கள். இல்லாவிட்டால் சேற்றில் கால் மாட்டி விழுந்தாள் என்று அதோடு முடிந்திருக்கும்.

முந்தின நாள் புருஷன் பெண்டாட்டி சண்டை தெருவுக்கே கேட்டிருந்தது. மாமா அன்று கடலுக்குப் போகவில்லை, போட் இன்ஜின் பழுது. வீட்டில் தனியாகத் தூங்கினேன் என்றார். தூங்கினதற்கு யார் சாட்சி சொல்வது? உங்கள் டிபார்ட்மெண்டு ஆட்கள் என்னையும் விசாரித்தார்கள். எனக்குக் காய்ச்சல், அன்றைக்கு நான் அவளோடு இறால் பிடிக்கப் போகவில்லை என்றேன். வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். “வூட்டுக்குப் போவவே பயமா கீதுன்னு நேத்து சொன்னா சார்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.

அவரைப் பதினான்கு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அப்போது சென்ட்ரல் பக்கத்தில் பழைய ஜெயில் இருந்தது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை மனு போட்டு அவரைப் பார்க்கப் போவேன். காத்திவாக்கத்தில் ரயில் ஏறும்போதே தலையில் பூ வைத்துக்கொள்வேன். அத்தை படுத்த படுக்கையாகிவிட்டாள், ஒரு நாளும் வந்ததில்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் தலைகாட்டவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் வருவார், நான் வந்திருக்கிறேனா என்று தேடுவார். அந்தக் கூட்டத்தில் அவர் கண் என்னைத் தேடும். கண்டுபிடித்ததும் முகம் மாறும். எனக்கு வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்தப் பதினான்கு மாதம்தான் என்பேன். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பிறகு சாட்சி போதாது என்று விட்டுவிட்டார்கள். கேஸ் அப்படியே நின்றது. ஊர் அவரை விடவில்லை. எந்தப் போட்டிலும் ஏற்றவில்லை. பெண்டாட்டியைக் கொன்றவன் ஏறினால் வலை காயும் என்றார்கள். கல்யாணம், காது குத்து எதற்கும் கூப்பிடவில்லை. அத்திப்பட்டில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் காவலுக்குப் போனார். கரித்தூள் படிந்த சட்டையோடு திரும்புவார். நான் துவைப்பேன். சாப்பாடு கொண்டுபோவேன். இருபது வருடம். அவருக்கு என்னைவிட்டால் பேச ஆள் கிடையாது. என்னிடமும் அதிகம் பேசமாட்டார். “உப்பு சரியா கீது” என்பார். அது போதும். வினிதாவின் பேரை எடுப்பதே குறைந்துபோய், ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. சுவரில் இருந்த அவள் படத்தைக் கரையான் அரித்தது. நான்தான் எடுத்துப் போட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அவள் இல்லாமலே போயிருப்பாள்.

போன வருடம் லியோனார்ட் என்று ஒருவர் வந்தார். கண்டுபிடிக்காமல் விட்ட கொலைகளைத் தொடராக எடுப்பவராம். எங்கள் வழக்கைப் பற்றி ரிட்டையரான ஏட்டு ஒருவர் சொன்னாராம். மாமா முதலில் விரட்டிவிட்டார். லியோனார்ட் மறுநாளும் வந்து, “நீங்க செய்யலைன்னு காட்டத்தான் எடுக்கிறோம் சார்” என்றார். மாமா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்தொரு வருடத்தில் அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என்னிடமும் மூன்று நாள் உட்கார்ந்து கேட்டார்கள். ஜெயிலுக்குப் போனது, சமைத்தது, துவைத்தது எல்லாம் சொன்னேன். அந்தத் தம்பி எழுதி எழுதி நோட்டை நிரப்பினார்.

வினிதாவாக நடிக்க மெஹ்னாஸ் என்று ஒரு பெண் வந்தாள். மரியாதையான பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் மாமா வீட்டில் தரையில் உட்கார்ந்து, “அவங்க எப்படிச் சிரிப்பாங்க அங்கிள்?” என்று கேட்டாள். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமா கையை வாயில் பொத்திக்கொண்டு, தோளைக் குலுக்கி, மூக்கால் ஒரு சத்தம் எழுப்பிச் சிரித்துக் காட்டினார். அச்சு அசல் அவள்தான். என் விரலில் செவுள் கிழித்தது. அத்தனை வருடமாக அந்தச் சிரிப்பை உள்ளே எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. நான் தினமும் அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்தவள்.

படப்பிடிப்பு நடந்த இருபத்திரண்டு நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றார். அந்தப் பெண் புடவை கட்டி, இறால் போடுகிற பறியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கும்போது, “மெதுவாம்மா, சேறு வழுக்கும்” என்பார். நான் கொண்டுபோன தூக்கு வாளி மாலையில் அப்படியே திரும்பி வரும்.

தொடர் வந்தபோது சமூக நலக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பகலில் பெரிய திரை கட்டிப் போட்டார்கள். ஊரே உட்கார்ந்தது. கதையில் கொன்றவன் வெளியூர் லாரிக்காரன். மாமா நிரபராதி. கடைசியில் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

நான் எங்கே வந்தேன் தெரியுமா, மேடம்? இரண்டு இடத்தில். கல்யாணத்தில் தட்டு ஏந்துகிற பெண் ஒருத்தி. சாவு வீட்டில் முகம் தெரியாமல் அழுகிற பெண் ஒருத்தி. ஜெயில் காட்சி இருந்தது. நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் மனு போட்டுப் பார்க்கப் போவது அத்தை. படுத்த படுக்கையாகக் கிடந்தவள் ஒவ்வொரு செவ்வாயும் ரயில் ஏறிப் போகிறாள். லியோனார்டுக்குப் போன் செய்து கேட்டேன். “அம்மான்னா ஆடியன்ஸுக்கு டக்குனு புரியும்க்கா. உங்களை வெச்சா, இவங்க யாரு, இவங்களுக்குள்ள என்னன்னு கதை வேற பக்கம் போயிடும்” என்றார். சரி தம்பி என்று வைத்துவிட்டேன். கோபப்பட ஒன்றும் இல்லை. அவர் தொழில் அவருக்கு.

அதன் பிறகு மாமாவுக்கு வீடு நிறைய ஆட்கள். அண்ணன் மகன் தீபன் வந்து காலைத் தொட்டு, தன் போட்டில் ஏறச் சொன்னான். கோயில் கூழுக்குக் கூப்பிட்டார்கள். மெஹ்னாஸ் அந்தப் புடவை உடுத்திய படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு அனுப்பினாள். மாமா அதைச் சுவரில் மாட்டி மாலை போட்டார். அவள் இவள்தான், இவள் அவள்தான் அவருக்கு. கரையான் அரித்த இடத்திலேயே ஆணி அடித்தார்.

ஒரு மத்தியானம் வஞ்சிரம் வறுத்து எடுத்துப் போனேன். ஏற்கெனவே நான்கு வீட்டுப் பாத்திரம் அங்கே இருந்தது.

“கெங்கா, நீ இனிமே தெனம் வரவாணாம். இத்தினி வருசம் கஸ்டப்பட்டுட்ட. இப்பதான் எல்லாரும் குடுக்கறாங்களே. நீ போய் ரெஸ்டு எடு” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். என் பாத்திரத்தைக் கழுவிக்கூடக் கொடுத்தார்.

நான்கு நாள் யோசித்தேன். அவர் பழையபடி தனியாக இருந்தால்தான் அவருக்கு நல்லது என்று தோன்றியது. ஊர் ஜனங்கள் இன்று கும்பிடுவார்கள், நாளை துப்புவார்கள். நான் அப்படி இல்லை. அதனால் அந்தக் கம்மலை எடுத்துப்போய் அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய சட்டைக்கு அடியில் வைத்தேன். தகவல் தெரிந்தால் சொல்லுங்கள் என்று தொடர் முடிவில் போட்டிருந்த உங்கள் நம்பருக்குப் போன் செய்தேன்.

அங்கேதான் தவறிவிட்டேன். பெட்டியில் கம்மல் இருக்கிறது என்பதோடு போனை வைத்திருக்கலாம். தொடரில் வட்டக் கம்மலாகக் காட்டிவிட்டார்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. “வட்டம் இல்லீங்க, மீனு. தண்டு வளைஞ்சிருக்கும், திருகாணி இருக்காது” என்று சொல்லிவிட்டேன். மீன் என்பது ஊருக்கே தெரியும், இன்னொரு காதில் இருந்ததே. தண்டு வளைந்தது யாருக்குத் தெரியும் என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல கேள்வி. பழைய ஆட்களில் ஒருவருக்கும் இந்த மூளை இல்லை.

நீங்கள் அவரை இங்கே உட்காரவைத்திருந்த அந்த இரண்டு நாளும் தெருவில் எல்லாக் கதவும் மூடிக்கொண்டன. தீபன் போனை எடுக்கவில்லை. நான்தான் சோறு கொண்டுவந்தேன். அவர் என்னைப் பார்த்து, “வந்துட்டியா கெங்கா” என்றார். நீங்கள் அப்போது ஜன்னல் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்தீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. விடிந்து வெயில் வந்த பிறகு இருவரும் சேர்ந்துதான் கழிமுகத்தில் இறங்கினோம். அவள் கையில் கன்றிப்போன அடையாளம் இருந்தது. முந்தின நாள் அடி. நான் கேட்டதற்கு, “அட அத வுடு. அடிச்சிட்டு அப்பால என் காலப் புட்சிகினு அழுவுறாரு, தேம்பித் தேம்பி. எனக்கு சிரிப்பா வந்துச்சு” என்றாள். கையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கிடைக்காத அழுகை அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

இறால் தடவும்போது இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். முகம் தண்ணீரை ஒட்டியபடி இருக்கும். அப்போது ஒருவரைக் கழுத்தைப் பிடித்து அழுத்துவதற்குப் பெரிய பலம் தேவையில்லை. ஒரு தடவை திமிறி மேலே வந்தாள். காதோடு பிடித்துத் திரும்ப அழுத்தினேன். பறியில் இருந்த இறால் எல்லாம் தண்ணீரில் போய்விட்டது. அவள் அசையாமல் ஆன பிறகு பார்த்தால் கம்மல் என் கையில் இருந்தது. எறிந்திருக்கலாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். ஓட்டை சின்னதெல்லாம் இல்லை, சரியாகப் பொருந்தியது. ஒன்றுதான் இருந்தது, அதனால் வெளியே போட்டுப் போக முடியவில்லை.

இன்று காலை அவரை என் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தீர்கள். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராக இருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவ கடசியா எதுனா சொன்னாளா?”

“ஒண்ணியும் சொல்லல மாமா. அதுக்கு டைம் இல்ல.”

எழுந்து போய்விட்டார். நீங்களும் கூடத்தான் இருந்தீர்கள். நான் சொன்னது பொய். திமிறி மேலே வந்தபோது அவள் ‘மனோ’ என்றாள். என் பேரைக் கூப்பிடவில்லை, எதிரில் நின்றவள் நான். இருபத்திரண்டு வருடமாக அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. அவரிடம் கொடுத்தால் அதையும் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

கையெழுத்து போடுகிறேன். ஆனால் காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று எழுதியிருப்பதாக உங்கள் ஏட்டம்மா படித்துக் காட்டினார். அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். பொறாமைப்பட அவளிடம் என்ன இருந்தது?