சல்லடை நட்சத்திரங்கள்

“எட்டு எம்எம் நட்சத்திரம் ரொம்பப் பெருசு டீச்சர். அதான் இன்னைக்கு ஆறு கொண்டாந்திருக்கேன்.”

போடியிலிருந்து குரங்கணி போகும் காலை பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஏலக்காயைப் பருமன் பார்த்துப் பிரிக்கும் ஆறு எம்எம் ஓட்டைச் சல்லடை அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடத்து டீச்சர்.

“இது போதும்க்கா. பின்னால இருந்து செல்லு லைட்ட அடிச்சா, மேடைத் துணி பூராம் வானந்தான். வாடகை லைட்டே வேணாம்.”

“நாளைக்கு நாடகத்துலயும் நாந்தான் பிடிக்கணுமா?”

“நீங்கதான். ஆனா நேத்து ஒத்திகையில மாதிரி ஆட்டிப்புடாதீங்க. வானமே கெடந்து ஆடுச்சு. ராணி வேசம் போட்ட பிள்ள வசனத்த மறந்துட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னுட்டா.”

“நான் என்ன செய்யட்டும்? இருபது வருசமா ஏலக்கா சலிச்ச கை. சல்லடையத் தொட்டாலே தானா ஆடுது.”

டீச்சர் பையிலிருந்து நாடக நோட்டை எடுத்தார்.

“சரி, ஆட்டுங்க. அவ வசனத்த மாத்திப்புடறேன். ‘அடியே, நட்சத்திரமெல்லாம் எப்புடி மினுங்குது பாரு’ன்னு சொல்லட்டும்.”

குரங்கணியில் பஸ் நின்றது. சல்லடை நிற்கவில்லை.