பெரியக்கா எழுதிய மூன்று பதில்கள்

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருகிற விஷயம். இருபத்திரண்டு வருடம் மேடையில் குதித்த பிறகு, போன மாதம் ஒரு பெயிண்ட் கம்பெனியின் விற்பனையாளர் கூட்டத்தில் நான் அதைத்தான் செய்தேன். "உங்கள் எல்லையைத் தாண்டி ஓர் அடி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, எப்படி என்று காட்டுவதற்காக நானே ஓர் அடி வைத்தேன். ஒலிபெருக்கிப் பெட்டி ஊளையிட்டது. நூற்றிருபது பேர் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசை மேலாளர் ஒருவர் பாதி உடம்போடு நாற்காலிக்கு அடியில் போய்விட்டார்.

ஒருவன் மட்டும் காதைப் பொத்தவில்லை. எனக்குப் பின்னால் டிரம்ஸ் முன் உட்கார்ந்திருந்தவன். எல்லோரும் எதற்காக இப்படிக் குனிகிறார்கள் என்று குச்சியும் கையுமாக ஆச்சரியத்துடன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மன்னிப்புக் கேட்டேன், ஒரு ஜோக் சொன்னேன், சிரித்தார்கள். பேச்சு நன்றாகவே முடிந்தது.

இந்தப் பக்கத்தில் இந்த வாரமும் வழக்கம்போல் பெரியக்காவின் பதில்கள் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இதை எழுதி அனுப்புகிறேன். ஆசிரியர் போடுவாரா, கிழித்துப் போடுவாரா, தெரியாது. பெரியக்கா நான்தான். ஏழு வருடமாக உங்கள் மாமியார்களையும் மேலதிகாரிகளையும் தூக்கமின்மையையும் கவனித்து வந்தது, காதில் வளையம் மாட்டி, கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்ட ஒரு ராக் பாடகன். கண்ணாடியும் கொண்டையுமாகப் படத்தில் இருக்கும் அந்த அம்மாளை ஓவியர் தன் கற்பனையில் வரைந்தார். உண்மையைச் சொன்னால், என்னைவிட அவர் லட்சணமாகவே இருக்கிறார்.

எங்கள் குழுவின் பாட்டு ஒன்று ஓடியது. ஒன்றே ஒன்றுதான். அது ஓடி முடித்ததும் கிடாரும் பேஸ் கிடாரும் வாசித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் டிரம்ஸ்காரனும் மிஞ்சினோம். அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனிக்காரர், தோல்வியைப் பற்றி ஊழியர்களிடம் பேச ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அந்தத் துறையில் எனக்கு அனுபவம் போதுமானது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேசினேன். பிடித்துப்போயிற்று. அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு கூட்டம். பெரும்பாலும் தரைக்குக் கீழே இருக்கும் அரங்குகள், ஜன்னல் கிடையாது. அவசர வழியை மறித்து உபரி நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அடுக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, வாழ்க்கையில் கதவுகளைத் திறக்கச் சொல்வேன்.

பத்திரிகை வேலையும் அந்த வழியில் வந்ததுதான். "உங்க மூஞ்சியைப் போட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க சார். ஒரு அக்காவைப் போட்டுடலாம்," என்றார் ஆசிரியர். அக்கா யார் என்பது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம்.

டிரம்ஸ்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவில் அவனைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சு. வெளியே தெரியாத ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: எனக்குத் தாளம் நிற்காது. பாடும்போது ஓடிவிடுவேன், பேசும்போது இன்னும் வேகமாக ஓடுவேன். நான் மூச்சை இழுக்கிற சத்தத்தைப் பிடித்து, நான் எங்கே போய் விழப்போகிறேன் என்று கணித்து, அவன் தாளத்தை அங்கே நகர்த்தி வைப்பான். கேட்பவர்களுக்கு நான் சரியாகப் பாடியது போலவே இருக்கும். என் பேச்சு முடிகிற இடமும் அவன் கையில்தான். "எழுந்து நில்" என்று நான் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் டிரம்ஸ் ஒரு படி ஏறும். கடைசியில் கூட்டமே மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும். ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்து, வேறொருவரை வைத்துப் பார்த்தோம். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் சிக்கல். ஒவ்வொரு வரியிலும் நான் அரைத் தாளம் முன்னால் போய்க் காத்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் கூட்டம் ஏற்பாடு செய்தவர் என்னைத் தனியாக அழைத்து, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

போன வருடத் தொடக்கத்தில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது.

"அன்புள்ள அக்கா, நான் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ஆறு மாதமாக என் இடது காதில், தூரத்து வீட்டுக் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். அடுப்பை அணைக்க ஆளில்லை. இப்போதே வாசிப்பதை நிறுத்தினால் மிச்சமிருப்பது தங்கும், இல்லாவிட்டால் எதையும் சொல்ல முடியாது என்கிறார் காது டாக்டர். எங்கள் பாடகன் என் பள்ளிக்கூட நண்பன். நான் போனால் அவன் தடுமாறிவிடுவான். நிறுத்தட்டுமா, தொடரட்டுமா? ஒரு வார்த்தை போதும். இப்படிக்கு, இரைச்சலில் இருப்பவன்."

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பாட்டு வரிசையை எழுதி மேடைத் தரையில் ஒட்டுவது அவன் வேலை. இருபத்திரண்டு வருடமாக என் காலடியில் கிடக்கிற கையெழுத்தை எனக்குத் தெரியாதா? அதை மாற்றி எழுதக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு சூதுவாது தெரியாதவன்.

நான்கு நாள் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் ஒன்பது கூட்டங்கள். சுவரொட்டியில் எங்கள் இரண்டு பேர் முகமும் இருந்தது. நான் சுயநலக்காரன் இல்லை என்பதைப் பலரும் சொல்வார்கள். நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அவனைப் பற்றித்தான் யோசித்தேன். வாசிக்காமல் அவன் என்ன ஆவான்? சும்மா உட்கார்ந்தால் மனது விட்டுப்போய்விடும். ஆகவே அக்கா எழுதினார்: "தம்பி, உன் காதில் கேட்பது உன் பயத்தின் சத்தம். பயத்தைவிடச் சத்தமாக வாழக் கற்றுக்கொள். தொடர்ந்து வாசி."

நன்றாக வந்திருந்தது. அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருப்பதாக மூன்று வாசகர்கள் எழுதினார்கள்.

அடுத்த ஒத்திகையின்போது அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பாக்குற? கல்யாணக் களை தெரியுதா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. ஒருத்தர்கிட்ட யோசனை கேட்டிருந்தேன். வந்துடுச்சு."

"நல்ல யோசனையா?"

"நல்லதாத்தான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டுக் குச்சியை எடுத்தான்.

நான்கு மாதம் கழித்து இரண்டாவது கடிதம். அவன் மனைவி, காதுக்குள் வைக்கிற சிலிகான் அடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறாளாம். டாக்டர் சொன்ன சாமான். அதை வைத்தால் வலி குறைகிறது. ஆனால் பாடகன் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்பதில்லை. வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தான்.

அந்த மாதம் அவன் இரண்டு இடங்களில் என்னைத் தவறவிட்டிருந்தான். ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா எழுதினார்: "பாதி மனதோடு செய்கிற வேலையை விட்டுவிடலாம், தம்பி. உனக்கும் உன் கலைக்கும் நடுவில் எதையும் வைக்காதே." அடுத்த கூட்டத்தில் அடைப்பான் இல்லை. ஆனாலும் அவனுக்கு என் குரல் சரியாக எட்டவில்லை என்று தெரிந்தது. ஆகவே என் குரல் அவனுக்குக் கேட்பதற்காக அவன் பக்கத்தில் தரையில் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியை இன்னும் ஒரு முழம் நெருக்கி வைத்து, சத்தத்தையும் ஏற்றச் சொன்னேன். ஒலி ஏற்பாட்டாளர், "அண்ணா, இதுக்கு மேல ஏத்துனா மனுஷன் காது தாங்காது," என்றார். "அவனுக்குப் பழக்கம்பா," என்றேன். அக்கறையாகத்தான் செய்தேன். கேட்காமல் ஒருவன் எப்படி வாசிப்பான்?

மூன்றாவது கடிதம் சின்னது. மச்சான் செடி வளர்த்து விற்கிற பண்ணை வைத்திருக்கிறாராம். கூடவே வந்துவிடச் சொல்கிறார். சத்தமில்லாத வேலை. மகளுக்கு மூன்று வயது. இப்போதுதான் முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்திருக்கிறாள். பக்கத்து அறையிலிருந்து அவள் கூப்பிட்டால் கேட்பதில்லை. எதிரே வந்து நின்றால் கேட்கிறது. "அக்கா, கடைசியாகக் கேட்கிறேன். போகட்டுமா?"

இதற்குப் பதில் எழுதுவது சுலபமாக இல்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதி முடித்த பிறகு இறங்கியது. "தம்பி, உன் மகள் உன்னிடம் பாதுகாப்பைப் படிக்க வேண்டாம், துணிச்சலைப் படிக்கட்டும். ஓடிப்போகிறவர்களின் பிள்ளைகள் ஓடத்தான் கற்றுக்கொள்வார்கள்." 'போகாதே' என்று நான் எழுதவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவன் போகவில்லை. அதற்குப் பிறகு, பேச்சுக்கு ஜாக்கெட் போடாதே, வெறும் சட்டை போதும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஜாக்கெட் என் அடையாளம் என்று மறுத்தேன். நான் மூச்சு இழுக்கும்போது தோள் ஏறும். அதைப் பார்த்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தான் என்பது பெயிண்ட் கம்பெனி கூட்டத்தில் பெட்டி ஊளையிட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை வாரமாக அப்படி என்று தெரியவில்லை.

டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு காதும் போய்விட்டது, திரும்பாது என்றார். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, போன வருடமே நிறுத்தியிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன்.

"வயசு, பரம்பரை, தொழில், எல்லாம் சேர்ந்துதான் சார். இதனாலதான்னு விரல் நீட்டிச் சொல்ல முடியாது."

அந்த டாக்டரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆசிரியரிடமும் போய்ப் பேச்சுவாக்கில் கேட்டேன். அக்காவின் பதிலால் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று.

"கடைசியில பொடி எழுத்துல போட்டிருக்கோமே சார், பதில்கள் பொதுவானவைன்னு. நீங்க வேற, காலங்காத்தால," என்றார்.

அவன் மனைவி ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவன் நான். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். உள்ளே மூன்று கத்தரிப்புகள், ஓரம் மடங்காமல்.

"அலமாரியில துணிக்கு அடியில வெச்சிருந்தார் அண்ணா. எங்க அண்ணன் கெஞ்சினான், நான் அழுதேன், டாக்டர் திட்டினார். யார் பேச்சையும் எடுத்துக்கலை. முகம் தெரியாத ஒரு பொம்பளை சொன்னதை எடுத்துக்கிட்டிருக்கார்."

"ம்," என்றேன்.

"உங்களுக்குப் பத்திரிகையில ஆள் தெரியும்ல. அந்த அக்கா யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. நான் சண்டை போட மாட்டேன். பாப்பா பேசுறதைக் கொஞ்ச நேரம் உக்காந்து கேக்கச் சொல்லணும். அவ்வளவுதான்."

"விசாரிக்கிறேம்மா."

"நீங்க கூட இருக்கிறதுதான் எனக்குத் தெம்பு அண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் குடித்து வைத்த காப்பி டம்ளரைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன் என்று நினைக்கிறேன்.

அந்த வாரமும் ஒரு கூட்டம் இருந்தது. டிரம்ஸைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டுச் சமாளித்தேன். அது எனக்காக நகரவில்லை. "எழுந்து நில்" என்றேன். நாலைந்து பேர், போகச் சொல்கிறேன் என்று நினைத்து எழுந்தார்கள்.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தரையில் உட்கார்ந்து மகளின் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவன் முதுகில் சாய்ந்து எதையோ விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடா," என்றான். தன் சத்தம் தெரியாததால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். பக்கத்தில் மகளின் எழுதுபலகை கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். வழியில் இரண்டு ஜோக் யோசித்து வைத்திருந்தேன். பலகையில் ஜோக் எழுத வரவில்லை.

"அக்கா நான்தான்," என்று எழுதிக் காட்டினேன்.

படித்தான். "தெரியும்."

"எப்போதிலிருந்து?" என்று அடியில் எழுதினேன்.

"ஆரம்பத்துலேர்ந்தே. அந்த அக்கா அடிக்கிற ஜோக்கையெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே வேன்ல என்கிட்ட சொல்லிடுவியேடா."

துடைத்துவிட்டு எழுதினேன். அதை எழுதியதுகூட என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று இப்போது தெரிகிறது. "நான்தான்னு தெரிஞ்சும் ஏன் அதன்படி செஞ்ச? நீயாவது நிறுத்தியிருக்கலாமே."

அவன் அதை நிதானமாகப் படித்தான். கையிலிருந்த கட்டையை மகளிடம் கொடுத்தான்.

"நேர்ல கேட்டா நீ சிரிப்பாக்கி விட்டுடுவே. எழுதிக் கேட்டா நீ யோசிச்சு உண்மையைச் சொல்லுவேன்னு நினைச்சேன். மூணு தடவை கேட்டேன். வேற யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அன்னிக்கே எழுந்து போயிருப்பேன்டா. நீ சொன்னதாலதான் வாசிச்சேன்."