பேச்சி எழுதாத விடை

அவைக்குத் தலைமையேற்று, மூன்றாவது சாயாவையும் முடித்துவிட்டு முகமலர்ச்சியோடு வீற்றிருக்கும் பெரியவர் வைத்தீஸ்வரன் அவர்களே! எர்ணாகுளத்திலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் சிவசங்கரன் சார் அவர்களே! வைப்பின் தீவிலிருந்து படகேறி வந்த வயரிங் மாணவிகளே! மட்டாஞ்சேரியின் மாண்புமிகு தாய்மார்களே! நல்லசிவத்தின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

இன்று சான்றிதழ் பெறும் பேச்சியைப் பற்றிப் பேச வந்தேன். பேச்சி யார்? கோவில்பட்டியிலிருந்து வந்து இங்கே ஹோட்டலில் பாத்திரம் கழுவியவர். வேலியேற்றம் என்று கடல்மட்டம் உயரும் நாளில் கடல் வாய்க்கால் வழியே வீட்டுக்குள் வருகிறதே, அந்த வீடுகளில் மின்பெட்டிகளை உயர்த்தி அமைக்கும் ஆறுமாதப் பயிற்சிக்காக அந்த வேலையை விட்டவர். கண்ணில் கூர்மை, கையில் வேகம், கருத்தில் கவனம்! ஆனால் எழுத்துத் தேர்வு மலையாளத்தில். பேச்சி படித்ததோ தமிழ். முதல் தேர்வில் தோற்றார். இரண்டாம் தேர்விலும் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

அவரோடு படித்த நானோ இங்கேயே பிறந்தவன். மலையாளம் முத்துமுத்தாக எழுதுவேன். அந்த இரண்டாம் தேர்வில், வெள்ளம் புகுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்றொரு கேள்வி. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் எது வந்தது? வெள்ளமே வந்தது!

மார்கழி அமாவாசை அன்று. வடிகால் பொங்கியது, வாசலைத் தாண்டியது, வகுப்புக்குள் வந்தது. பிளக் பெட்டியைத் தொட இன்னும் நாலு விரல்தான். ஒன்றரைப் பக்கம் எழுதிய நல்லசிவம் என்ன செய்தான்? மேசைமேல் ஏறினான். யாரோ என் தோளை இறுகப் பிடித்தார்கள். திரும்பினால், தேர்வாளர்! தாராளமாகச் சிரியுங்கள் தாயே, சாரே சிரிக்கிறார்.

கடைசி வரிசையிலிருந்து பேச்சியின் குரல் வந்தது. "தண்ணியில யாரும் கால் வைக்காதீங்க. மெயினை அணைச்சிட்டு வந்து சொல்றேன்."

பெஞ்சுகள் மேலேயே நடந்து, தண்ணீர் ஏறாத உயரமான பின் வராந்தாவில் இறங்கி, கையைத் துடைத்து, மெயினை அணைத்தார். ஃபியூஸையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். ஏன்? தெரியாமல் யாரும் மறுபடி போட்டுவிடக் கூடாதே! எல்லாம் சரிபார்த்த பிறகே எங்களை இறங்கச் சொன்னார்.

நான் இறங்கினேன். சார் இறங்கவில்லை. மேசைமேல் நின்றபடியே, எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று கேட்கத் தொடங்கினார். கணுக்கால் நீரில் நின்று பேச்சி தமிழில் தடையின்றிச் சொன்னார். கடைசியாகச் சுவரிலிருந்த பழைய வெள்ளக் கறையைக் காட்டி, பெட்டியை அதற்கு மேல் வைத்தால் போதுமா என்றார் சார்.

"போதாது சாரே. கடல் வருசாவருசம் ஏறுது. இனி வரப்போற கறைக்கு மேல வைக்கணும்."

அவையோரே, இந்த விடை எந்தப் புத்தகத்தில் இருந்தது? எந்தப் பாடத்தில் இருந்தது? எங்கள் எவர் தாளிலும் இல்லையே!

சார் மேலிடத்துக்கு எழுதினார், அலைந்தார், தமிழிலும் வாய்மொழித் தேர்வு நடத்த அனுமதி வாங்கி வந்தார். பேச்சி தேறினார். அவர் கைபட்ட வீடுகள் பதினாறு. சென்ற மாத வேலியேற்றத்தில் பதினாறிலும் தண்ணீர் புகுந்தது, ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. கடல் நம்மைக் கேட்டா வருகிறது? அது வருமுன் கற்போம், கற்றதைக் கைகளுக்குக் கொடுப்போம், கைகளால் நம் தெருவைக் காப்போம்!

அடுத்த வகுப்புக்கு இருபத்திரண்டு பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பயிற்றுநர் யார்? முன்வரிசையில் தலைகுனிந்து சிரிக்கிறாரே, அவர்தான். பேச்சியக்கா, மேடைக்கு வாருங்கள், இந்த ஒலிபெருக்கி இனி உங்களுடையது. பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, அவருக்கு வழிவிட்டு அமர்கிறேன். வணக்கம்!