நேராகத் திரும்பி வந்த அலை

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் அம்மா அவர்களே, என்னோடு மாலை வகுப்பில் படித்த ஆறு பேரே, வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் மன்னிப்பு. இந்தத் தாளை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் ஒரு எழுத்து மேலே ஏறும், ஒரு எழுத்து கீழே இறங்கும். வாசிக்கும்போது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தேழு வயதில் நானே எழுதி நானே வாசிக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் எனக்கு இதில் சந்தோஷம்.

இந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவர் யார்? நம் இயற்பியல் டீச்சர். முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் புட்டிகளை நிறம் பார்த்து அடுக்கியவன் நான். எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் நீல நிறப் புட்டிகள் இரண்டை மாற்றி வைத்துவிட்டேன். டீச்சர் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. “திங்கக்கிழமை அஞ்சரைக்கு வாங்கண்ணே, இன்னும் ஆறு பேர் வர்றாங்க” என்றார். அவ்வளவுதான்.

நான் முதலில் எழுதிய சொல் ‘அலை’. எழுத்தும் பாடமும் அவருக்கு ஒன்றுதான். நீளக் கயிற்றின் நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டி உதறுவார். மேடு ஒன்று கயிற்றில் ஓடும். ரிப்பன் ஓடாது, நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். இது குறுக்கலை. சுருள்கம்பியைத் தள்ளிவிட்டால் சுருள்கள் நெருங்கும், விலகும். அது நெட்டலை, நாம் பேசுவது காற்றில் அப்படித்தான் போகிறது என்பார்.

“போறது அலை மட்டும்தான். கயிறு இங்கயேதான் இருக்கு” என்றார் ஒரு நாள். உடனே நம்மோடு படித்த லிஃப்ட்காரர், “நானும் அப்படித்தான் டீச்சர். நாள் முழுக்க ஏறி இறங்குறேன், எங்கயும் போய்ச் சேரல” என்றார். டீச்சர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அவர் எடுத்த கடைசிப் பாடம் அலை திரும்பி வருவது. கயிற்றின் நுனியை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினால், போன மேடு பள்ளமாக, தலைகீழாகத் திரும்பும். நுனியில் மெல்லிய நூலைக் கட்டி, அந்த நூலை அவர் பிடித்துக்கொண்டு நின்றால், மேடு மேடாகவே திரும்பும். இரண்டையும் செய்து காட்டினார். நான்கு நாள் கழித்துத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஏழு பேரும் பழக்கத்தில் வந்து உட்கார்ந்தோம். சும்மா எப்படி இருப்பது? கயிற்றை ஜன்னல் கம்பியில் நானே கட்டினேன், இரட்டை முடிச்சு. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. உதறினேன்.

மேடு மேடாகவே திரும்பி வந்தது.

“அண்ணே, நேரா வருதே” என்றார் லிஃப்ட்காரர். மறுபடி உதறினேன். நேராகத்தான் வந்தது. போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். இறுகியிருந்தது. கம்பி மட்டும், இப்போதுதான் ஒருவர் கையை எடுத்ததுபோல், வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு யாரும் வகுப்புக்கு வரவில்லை. தலைமையாசிரியர் ஐயா நல்ல மனதோடுதான் சொன்னார்: “பயந்துக்கிட்டு எதுக்குண்ணே, பூட்டிடலாம். கூட்டம் முடிஞ்சதும் சாவியைக் குடுத்துடுங்க.” பூட்டினால் மாலை வகுப்பு அத்தோடு முடிந்தது. இனி நம் ஏழு பேருக்கு யார் அறை திறப்பார்கள்?

ஐயா, மன்னிக்க வேண்டும். சாவியைத் தர மாட்டேன்.

புத்தகத்தில் இருப்பதுபோல் நடக்காவிட்டால் டீச்சர் என்ன செய்யச் சொன்னார்? ஓடச் சொன்னாரா? கும்பிடச் சொன்னாரா? தேதி எழுது, கயிற்றின் நீளம் எழுது, கண்ட‌தை எழுது, மறுபடி செய் என்றார். என் எழுத்துக்கு வெட்கப்பட்டு அன்று நான் எழுதவில்லை. நேற்று எழுதிவிட்டேன், ஒரு பக்கம்.

வரும் திங்கட்கிழமை ஐந்தரைக்கு அறை திறந்திருக்கும். ஆறு பேரும் வாருங்கள். வராவிட்டாலும் நான் கயிற்றைக் கட்டி உதறுவேன். நேராக வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் தலைகீழாக வந்தால், தலைகீழாக வந்தது என்றே அடுத்த வாரப் பக்கத்தில் எழுதுவேன். என் ஆசையை எழுத மாட்டேன், டீச்சர்.